எந்தப் புள்ளிக்குள் வைத்தேன்

படத்தில் மாமா போட்டிருக்கிற சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குள் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. யுவராணி இரண்டு விரலை வரைபலகையின் கண்ணாடிமேல் சேர்த்து வைத்து விரித்தாள், எடுத்து மறுபடி சேர்த்து வைத்து விரித்தாள், பொத்தான் தட்டளவு ஆகி, வண்டிச் சக்கரமளவு ஆகி, பிறகு பொத்தான் என்ற பெயரே போய்த் திரை முழுக்க வெறும் பழுப்பாக நின்றது. உள்ளே ஒரு கோடுகூடக் கிடையாது. அப்படியானால் கைக்கடிகாரம். கடிகாரத்தைத்தான் காலையிலேயே பார்த்தாயிற்றே, முள், எண், வார், வாரின் ஓட்டை ஐந்தும். ஐந்தையும் பார்த்தேனா, நாலு பார்ப்பதற்குள் பால்காரர் மணியடித்துவிட்டாரா? மணி பத்தே முக்கால். சாயங்காலம் நாலு மணிக்குப் பொள்ளாச்சியில் சாந்தாமணி அக்காவுக்கும் சென்னியப்பன் மாமாவுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்தாம் வருஷ விழா. மண்டபத்து வாசலில் ஆளுயரத் தொடுதிரை ஒன்றை மாமா வாடகைக்கு எடுத்து நிறுத்தியிருக்கிறார். அதில் ஏற்ற இந்தப் படம் ஒரு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். சொந்தபந்தம் அத்தனையும் வந்து விரலை வைத்து விரித்து விரித்துப் பார்க்கும். சும்மா விடுமா? சீர்த் தட்டின் துணியையே தூக்கிப் பார்க்கிற சனம். அந்தப் படத்துக்குள் ஏதோ ஒரு புள்ளிக்குள் மாமாவும் அக்கா அல்லாத ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் பஸ் ஸ்டாண்டு பெஞ்சருகே இருக்கிறார்கள். வரைந்தது யுவராணிதான். எந்தப் புள்ளிக்குள் என்றுதான் தெரியவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம், இவள் ஒரு பருக்கைக்குள் பூசணிக்காயை மறைத்துவிட்டு இப்போது பருக்கையைத் தேடுகிறாள். இந்த வேலையின் கூத்தே அதுதான். பார்க்கிறவர்கள் எல்லோரும் எப்படிம்மா இத்தனை பொடியாக வரைகிறாய், கண்ணு வலிக்காதா என்று கேட்கிறார்கள். பொடியாக எங்கே வரைந்தாள்? ஒரு நாளும் வரைந்ததில்லை. எப்போதும் உள்ளங்கையளவுதான் வரைவாள். மணவறையை வரைவாள், அதில் வாழைப்பூ நுனியை விரிப்பாள், நுனி திரையளவு ஆனதும் அதற்குள் ஒரு தென்னந்தோப்பை உள்ளங்கையளவு வரைவாள். தோப்பில் ஒரு தேங்காயின் கண்ணை விரிப்பாள், அதற்குள் ஒரு சமையலறை, சமையலறையில் ஊறுகாய் ஜாடி, ஜாடியில் ஒரு கடுகு, கடுகுக்குள் மறுபடி ஒரு ஊர். கை அதே கைதான், அளவு அதே அளவுதான், உலகம்தான் பின்னால் பின்னால் சுருங்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. பதினாறு படம், ஒன்றுக்குள் ஒன்று, பதினாறாவதின் நடுவே மறுபடி முதல் மணவறை. இதைத்தான் முடிவில்லை என்கிறார்கள். முடிவு இருக்கிறது, கதவு தெரியாமல் பூசியிருக்கிறாள், அவ்வளவுதான். வீடியோவாக எடுத்துக் கொடுத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை, அவள் காட்டிய வழியில் மட்டும் போய்த் திரும்பியிருப்பார்கள். வாய் சும்மா இருந்ததா? எங்கே தொட்டாலும் உள்ளே ஒன்று இருக்கும் மாமா, வழியை விட்டு விலகிப் போனாலும் ஏதாவது ஒரு விளையாட்டு வைத்திருப்பேன் என்று அவளேதான் பீற்றிக்கொண்டாள். அந்த மனுஷன் சந்தோஷத்தில் ஆளுயரத் திரைக்குச் சொல்லிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மீசைக்குள் பார்க்கலாம். மீசையில் ஒவ்வொரு மயிராக ஏறி இறங்குவதற்குள் விடிந்துவிடும், இல்லை, விடிந்துதான் இருக்கிறது, வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி மேஜைக்கால் வரைக்கும் வந்தாயிற்று. மேல் வீட்டுக் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. மூன்றா நாலா? ஆடி மாதம் உடுமலைக்குப் போனதுதான் தப்பு. ஒரு பள்ளிக்கூடச் சுவருக்குப் படம் போடுவதைப் பற்றிப் பேசிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் கோயமுத்தூர் பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எதிரே பெஞ்சு. பெஞ்சில் ஒரு பெண், பக்கத்தில் ஒரு சிறுமி, ஏழு வயசு இருக்கும். சிறுமியின் முன்னால் ஒரு ஆள் குந்தி உட்கார்ந்து அவள் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. வாரை மாட்டியதும் அதற்குள் இரண்டு விரலை நுழைத்து இழுத்துப் பார்த்தார், இறுக்குகிறதா என்று. அந்த இரண்டு விரலைப் பார்த்ததும் யுவராணிக்குத் தெரிந்துவிட்டது, மாமா. முகம் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அம்மா போன மறு வருஷம், ஒன்பது வயசில், அக்காவோடு சீதனம் மாதிரி அவளும் பொள்ளாச்சிக்குப் போனவள். பள்ளிக்கூடம் போகிற காலையில் எல்லாம் மாமாதான் வாசலில் குந்தி அவளுக்குச் செருப்பு மாட்டிவிடுவார். அதே இரண்டு விரல். இறுக்குதா அம்மிணி? இல்லீங் மாமா. அந்தச் சிறுமி அவர் சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியைக் கேட்காமலே எடுத்துத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டாள். அடுத்தவர் பிள்ளை அப்படி எடுக்காது. எடுக்குமோ? சித்தப்பா பெரியப்பா பையிலிருந்து எடுக்காதா? பஸ் கிளம்பிவிட்டது. அக்காவுக்குக் குழந்தை இல்லை. கோயிலுக்கும் டாக்டருக்கும் அலைந்து ஓய்ந்து, போதும் எனக்குத்தான் ஒருத்தி இருக்காளே என்று யுவராணியைக் காட்டிச் சொல்லிவிட்டவள். அவளிடம் போய் இதை எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் சோறு தின்பது? இந்தப் படத்தை வரைகிற முதல் பலகையைக் கல்லூரியில் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் படத்தின் கோப்பைத் திறந்து, எந்த இடத்தில் திறந்ததோ அந்த இடத்திலேயே, வெறும் வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஏதோ ஒரு வெளியில், மளமளவென்று பார்த்ததை எல்லாம் வரைந்து தள்ளினாள். சிறுமியின் முகத்தை மட்டும் வரைய வரவில்லை, வெறும் வட்டமாக விட்டாள். வரைந்து முடித்ததும் காய்ச்சல் இறங்கினமாதிரி இருந்தது. இடத்தைக் குறித்துக்கொள்ளாமல் இரண்டு விரலைக் குவித்து வெளியே வந்துவிட்டாள். அன்றைக்குத் தூங்கினாள்.

ஒருவேளை வரையவே இல்லையோ. அதுவும் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. வரைந்ததாக நினைத்துக்கொண்டு தூங்கிப்போய், கனவில் வரைந்து, காலையில் அதையே நிஜமென்று. இல்லை, பேனாவின் முனை அன்றைக்குத்தான் தேய்ந்து மாற்றினாள், மேஜை டிராயரில் பழைய முனை கிடக்கிறது. தேய்ந்த முனை எதற்குச் சாட்சி? வேறு எதை அழுத்தி வரைந்தாலும் தேயும். அழித்துவிடலாமென்றால், சந்தேகப்பட்ட இடத்தை எல்லாம் அழித்துப் பார்த்துவிட்டாள். நேற்று படத்தில் மாமாவின் சட்டைப் பையில் இருந்த பேனாவையே அழித்தாள். அதிலும் ஒரு வினை இருக்கிறது. வெளியே இருக்கிற பேனாவை அழித்தால் உள்ளே இருக்கிறது போகாது, ஒவ்வொரு கோடும் தனித்தனிக் கோடு, வீட்டை இடித்தாலும் உள்ளே இருந்த ஆட்கள் அந்தரத்தில் நிற்பார்கள். கண்ணுக்குத் தெரியாத தூசியாக நிற்பார்கள், எவனாவது விரலை வைக்கிறவரைக்கும். அக்கா போன வாரம் பல் பிடுங்கிக்கொள்ள வந்து இரண்டு நாள் தங்கியபோது இதைத்தான் கேட்டாள், உள்ள போகப் போகத் தீரவே தீராதா அம்மிணி என்று. அக்காவுக்குப் பொழுது போகட்டுமென்று பலகையைக் கையில் கொடுத்து, விரலால் விரித்தால் பெரிதாகும், பேனாவால் தொட்டால் வரையும், அந்த மூலைப் பக்கம் நீ என்ன கிறுக்கினாலும் அழித்துக்கொள்ளலாம் என்று காட்டிவிட்டு யுவராணி ஒரு வேலையாக வெளியே போனாள். போனவளுக்குப் பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது, உள்ளே அது இருக்கிறதே என்று. அங்கிருந்தே ஆட்டோ பிடித்துத் திரும்பினால், பலகையை மூடி வைத்துவிட்டு அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். தலை வலிக்குது அம்மிணி, கண்ணு எரியுது, இதெல்லாம் நமக்கு ஒத்து வராது என்றாள். யுவராணிக்குப் போன உயிர் வந்தது. அரிசியில் கல் பொறுக்குகிற கண்ணுதான் அக்காவுக்கு, கண்ணாடி போடாமல் ஒரு படி அரிசியை ஒரு பாட்டு நேரத்தில் பார்த்துவிடுவாள். ஆனாலும் பதினாறு உலகத்தில் ஒரு புள்ளி, பாவம், பல் வலியோடு எங்கே பார்த்திருப்பாள். சமையலறைக் குழாய் சொட்டுகிறது. காலையிலிருந்தா சொட்டுகிறது? எழுந்து போய் மூடி வந்தாள், வந்து உட்கார்ந்ததும் மூடினோமா என்று தெரியவில்லை, சொட்டுகிற சத்தம் காதிலேயே நின்றுவிட்டது. மணி பதினொன்றரை. மாமா கழுத்து மாலையில் ஒவ்வொரு பூவாகப் போகலாம். நூற்றுப் பத்துப் பூ. யாரைச் சொல்ல வேண்டும், நூற்றுப் பத்துப் பூ வரைந்தவளைச் சொல்ல வேண்டும்.

போன் அடித்தது. அக்கா.

"என்ன அம்மிணி, படம் ஆச்சா? உங்க மாமா காத்தால இருந்து நாலு தடவ கேட்டுப்போட்டாரு."

"ஆயிட்டே இருக்குதுக்கா. ஒரு மணிக்குள்ள அனுப்பிடறேன்."

"சாப்பிட்டயா?"

"ம்."

"பொய் சொல்லாத. குரல்லயே தெரியுது." பின்னால் யாரோ வாழைத்தாரை எங்கே இறக்குவது என்று கேட்டார்கள், அக்கா போனை மறைக்காமலே அவருக்குப் பதில் சொன்னாள். "படம் நல்லா இருந்துச்சு கண்ணு. மூலைல பாவாடையும் சட்டையுமா நிக்கறயே, அது அப்படியே நீதான். அனுப்பறதுக்கு முன்னால அந்தப் புள்ளையோட கண்ணை மட்டும் ஒருக்காப் பாத்துக்கோ. தூசி கீசி உளுந்திருக்கும்."

"படத்துல எப்படிக்கா தூசி விழும்?"

"எனக்கென்ன தெரியும் அதெல்லாம். பாத்துக்கோன்னேன். மறந்துராத." வைத்துவிட்டாள்.

அக்கா எப்போதும் இப்படித்தான். இருக்கிற வேலை போதாதென்று கண்ணில் தூசியாம். கல்யாணப் பெண்ணாக மணவறையில் உட்கார்ந்திருக்கும்போதே எழுந்து வந்து தங்கச்சிக்குக் கன்னத்தில் மைப்பொட்டு வைத்தவள், ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாராம். திருஷ்டிப் பொட்டு. பத்தாம் வகுப்பு வரைக்கும் விடவில்லை, பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் துப்பட்டாவில் துடைத்துக்கொள்வாள் யுவராணி. இடது கன்னத்தில், தாடையை ஒட்டி, வட்டமாகவும் இருக்காது, வைக்கிறபோது இவள் திமிறுவாள், பொட்டு கொஞ்சம் கீழே இழுபட்டு ஒரு வால் விட்டிருக்கும். படத்திலும் அந்த வாலோடுதான் வரைந்திருக்கிறாள். மாலையில் இருபத்தேழாவது பூ. இல்லை. இருபத்தெட்டு. கண்ணாடிமேல் அவள் முகமே தெரிந்தது, வெயில் பின்னாலிருந்து விழுகிறது, கண்ணிருக்கிற இடத்தில் இரண்டு பள்ளம். இருபத்தொன்பது. இருபத்தொன்பது பார்த்தோமா? மூலையில் நிற்கிறவளை யார் பார்க்கப்போகிறார்கள், அவளைக் கடைசியாகத்தான் வரைந்தாள், உடுமலைக்குப் போவதற்கு முந்தின நாள் ராத்திரிதான் இமை மயிரை முடித்து, கண்மணியில் வெளிச்சப் புள்ளி வைக்காமல், நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அப்படியே மூடினாள். அப்படியே மூடினாள். விரல் முப்பதாவது பூமேல் நின்றுவிட்டது. கோப்பை மூடின இடத்தில்தான் அது மறுபடி திறக்கும். ராத்திரி கண்மணிக்குள் மூடியது, மறு நாள் உடுமலையிலிருந்து வந்து அவசரமாகத் திறந்தது கண்மணிக்குள். வெள்ளையா கறுப்பா என்று குழம்பியதே, கறுப்பு, கறுப்பு, கண்மணியின் கறுப்பு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவள் இவள்தான். மாமாவின் உடம்பு முழுக்கச் சோதனை போட்டுவிட்டுத் தன் கண்ணைப் பார்க்காமல் விட்டாளே. சந்தோஷத்தில் சிரித்தேவிட்டாள். சிரித்த வாய் மூடுவதற்கு முன் உறைத்தது. அக்காவுக்கு எப்படி. அந்தப் புள்ளையோட கண்ணை மட்டும். தற்செயலாகச் சொன்னாளா? அக்கா தற்செயலாக எதையாவது சொல்லி யார் கேட்டிருக்கிறார்கள்.

மூலைக்குப் போனாள். ஒன்பது வயசு யுவராணி பாவாடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடது கண்ணை விரித்தாள், இமை, வெள்ளை, பழுப்பு வளையம், கண்மணி, கறுப்பு, கறுப்பு, விரல் ஒருமுறை வழுக்கி வெளியே வந்து, மறுபடி போனாள். கறுப்புக்கு நடுவே வெள்ளைக் கோட்டில் பெஞ்சு வந்தது. அந்தப் பெண். குந்தியிருக்கிற முதுகு, இரண்டு விரல். பாவாடை போட்ட சிறுமி. எல்லாம் அவள் வரைந்தபடி இருந்தன. சிறுமியின் முகம் மட்டும் அவள் விட்டபடி இல்லை. வெறும் வட்டத்துக்குள், இடது கன்னத்தில், தாடையை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு இருந்தது. வட்டமாக இல்லை. கொஞ்சம் கீழே இழுபட்டு ஒரு வால் விட்டிருந்தது. யுவராணி வாயைப் பொத்திக்கொண்டாள். இது என் கோடு இல்லை, இது என் கை இல்லை என்று யாரிடமோ சொல்கிறவள் போலச் சொன்னாள். அக்கா பேனாவை எப்படிப் பிடித்திருப்பாள், மைக்குச்சி பிடிக்கிற மாதிரியா? பதினாறு உலகம் விரித்து வைத்திருக்கிறது, தோப்பு இருக்கிறது, சமையலறை இருக்கிறது, தன் கல்யாணமே இருக்கிறது, அத்தனையையும் விட்டுவிட்டு அக்கா முதலில் விரித்துப் பார்த்தது மூலையில் நிற்கிற தங்கச்சியின் முகத்தை. இது ஏன் யுவராணிக்குத் தோன்றவில்லை? அக்கா எந்தப் போட்டோவைக் கொடுத்தாலும் அவளைத்தானே முதலில் தேடுவாள். பார்த்துவிட்டு, பல் வலியோடு, ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணு எரியுதென்றாள். எரியாதா?

பழக்கம் விடவில்லை, விரல் தானாகப் போய்ப் பொட்டின் மேல் நின்று விரித்தது. பொட்டு பெரிதாகிப் பெரிதாகித் திரையை அடைத்துக்கொண்டது. நடுவே எழுத்து. மளிகைச் சீட்டு எழுதுகிற அதே கை, கண்ணாடிமேல் வழுக்கி வழுக்கி, ஒரு வரி ஏறியும் ஒரு வரி இறங்கியும் போயிருந்தது.

"புள்ள பொறந்தப்பவே எனக்குத் தெரியும் கண்ணு. பேரு தேன்நிலா. நல்லாப் படிக்கறா. நீ இத மனசுல போட்டுக் கொழப்பிக்காத. அழிச்சுப்போட்டு வா."

யுவராணி அதை எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஏழு வருஷம். ஏழு தீபாவளிக்கு அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள், அக்கா கறி எடுத்து வைத்திருக்கிறாள், மாமாவின் இலையில் இன்னொரு துண்டு வைத்திருக்கிறாள், மாமா போதும் போதுமென்று கையைக் குறுக்கே காட்டியிருக்கிறார். இதில் எது பொய்? எதுவும் பொய் இல்லை போலவும் எல்லாமே பொய் போலவும் இருந்தது. அக்காவைக் காப்பாற்றத்தான் காலையிலிருந்து பொத்தான் பொத்தானாகத் தேடினாள். காப்பாற்ற வேண்டியவள் என்று அக்கா யாரை நினைத்துக்கொண்டு இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தாள்? கோபம் வந்தது. மாமாமேல் வந்த கோபம் பாதியிலேயே அக்காமேல் திரும்பியது, அங்கேயும் நிற்காமல் தன்மேல் வந்து விழுந்தது. தெரிந்துகொண்டே இருபத்தைந்தாம் வருஷம் கொண்டாட எப்படி அக்கா மனசு வந்தது உனக்கு? புடவை எடுத்தாயே. பல்லைக்கூட விழாவுக்கு முன்னால் பிடுங்கிவிட வேண்டுமென்று வந்தாயே. அந்தச் சிறுமிக்குப் பொட்டு வைக்க எப்படிக் கை வந்தது? அழுதாள். சத்தமாகவே அழுதாள், மேல் வீட்டுக்குக் கேட்டால் கேட்கட்டும்.

மணி பன்னிரண்டரை ஆனபோது முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். குழாயை மூடியிருந்தாள், சொட்டவில்லை. பெஞ்சை அழித்தாள். அந்தப் பெண்ணை அழித்தாள். மாமாவின் முதுகை அழித்தாள், இரண்டு விரலிடம் வந்ததும் கொஞ்சம் நின்றுவிட்டு அதையும் அழித்தாள். சிறுமியை, முகத்து வட்டத்தை, செருப்பை. பொட்டுக்குள் போய் அக்காவின் எழுத்தை ஒவ்வொன்றாக அழித்தாள், தேன்நிலாவைக் கடைசியாக. வெளியே வந்தாள். கறுப்பான கறுப்பில் வாலோடு பொட்டு மட்டும் இருந்தது. அழிப்பான் கையில் இருந்தது. பொட்டை அழிக்காமல் அதன் நிறத்தைத் தொட்டு வெள்ளையாக்கினாள், கண்மணியில் வைக்காமல் விட்ட வெளிச்சப் புள்ளியாக அதுவே இருக்கட்டும், பின்னால் பின்னால் வந்தாள், பெஞ்சு அளவிலிருந்து கண்மணி அளவுக்கு, கண்ணளவுக்கு, முகத்தளவுக்கு. அங்கிருந்து பார்த்தால் அது பொட்டென்று தெரியவில்லை. படத்தை அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது என்று வந்த பிறகு அக்காவைக் கூப்பிட்டாள்.

"அனுப்பிட்டேன்க்கா."

"சரி கண்ணு."

"தூசி இருந்துச்சுக்கா. தொடச்சுட்டேன்."

மண்டபத்தில் நாற்காலி இழுக்கிற சத்தமும், மாமா யாரையோ திரையைக் கொஞ்சம் வலது பக்கம் நகர்த்தச் சொல்கிற குரலும் கேட்டன.

"பொட்டையுமா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. பொட்டு இருக்குது."

அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இருக்கட்டும்," என்றாள். "எதாச்சும் தின்னுட்டு பஸ் ஏறு."